கிழக்கு என்றேன், விளக்கு என்று எழுதினாள்

ஆகஸ்ட் 18, திங்கள்

முதல் நாள். ஒன்பது மணிக்கு சஷ்டிகாவைச் சாப்பாட்டு மேசையில் உட்கார வைத்தேன். எதிரில் நான். நடுவில் ஐந்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகம், அடிஸ்கேல், ஒரு சொம்புத் தண்ணீர். பள்ளிக்கூடத்தில் நாற்பத்திரண்டு பிள்ளைகளுக்கு ஒரு மிஸ். இங்கே ஒரு பிள்ளைக்கு ஒரு அம்மா. அதுவும் பி.எஸ்சி. கணக்கு படித்த அம்மா.

இந்த டைரி என் வீட்டுக்காரர் வேலை பார்க்கும் கோழித்தீவனக் கம்பெனியில் கொடுத்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு கோழிக்குஞ்சு. எட்டு மாதமாக அலமாரியில் சும்மா கிடந்தது. தினமும் என்ன நடத்தினேன், பாப்பா எவ்வளவு புரிந்துகொண்டாள் என்று இதில் எழுதி வைக்கப் போகிறேன். நாளைக்கு யாராவது கேட்டால் எடுத்துக் காட்ட வேண்டும். கேட்பார்கள். பல்லடத்தில் ஒரு பிள்ளை பள்ளிக்கூடம் போகாமல் வீட்டில் இருந்தால் கேட்காமல் விடமாட்டார்கள்.

ஏன் நிறுத்தினேன் என்பதையும் ஒரு தடவை எழுதிவிடுகிறேன். வகுப்பு மிஸ் எஸ்தர், எல்லாப் பிள்ளைகள் முன்னாலும் பாப்பாவிடம் கத்தினார். அது போதாதென்று அவளுடைய பள்ளி டைரியில் சிவப்பு மையில் ஒரு வரி எழுதி அனுப்பினார். அந்த வரியை நான் இங்கே எழுதப் போவதில்லை. அந்தப் பக்கத்தைக் கிழித்து அடுப்பில் காட்டிவிட்டேன். பெரிய மேடத்துக்குப் புகார் எழுதிக் கொடுத்துவிட்டு டி.சி. வாங்கி வந்துவிட்டேன்.

என் வீட்டுக்காரர் எதிர்த்து ஒன்றும் பேசவில்லை. “உனக்குச் சரின்னு பட்டாச் செய்யு, கோகி” என்றார். சிகாமணி எதையும் அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்கிறவர் இல்லை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

பின்னங்கள் முடிந்தன. ஐந்தே நாள். ஜூன், ஜூலை இரண்டு மாதமும் அந்தப் பள்ளிக்கூடத்தில் இதே பாடத்தில் இவள் பெயில். என் எதிரில் உட்கார்ந்து இருபதுக்குப் பத்தொன்பது வாங்குகிறாள். அப்படியென்றால் குறை யாரிடம்? இதைத்தான் நான் அன்றைக்கே சொன்னேன்.

குக்கர் வாஷர் போய்விட்டது. பருப்பு வேக ஒரு மணி நேரம்.

ஆகஸ்ட் 27, புதன். விநாயகர் சதுர்த்தி

பாடம் இல்லை. நங்கையா வந்திருந்தார். என் வீட்டுக்காரருடைய அக்கா சரோஜினி, திருப்பூரில் இருக்கிறார். பூரணம் கொஞ்சம் இளகிவிட்டது. அதைச் சொல்லாமல் கொழுக்கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஆரம்பித்தார்.

“பாப்பாளக் கூப்பிட்டாத் திரும்பியே பாக்கறதில்ல கோகி. நாலு தடவை கூப்பிட்டேன். வீட்டுலயே வெச்சிருந்தா இப்புடித்தான் திமிரு ஏறும்.”

“டிவி பாத்துட்டு இருந்திருப்பாளுங்க.”

“டிவி ஓடவே இல்லியே.”

நான் காபி கலக்க உள்ளே போய்விட்டேன். திரும்பி வந்ததும் அடுத்தது கேட்டார். “உங்கண்ணன் எப்புடி இருக்கறாரு? காது இன்னும் அப்புடியேதானா?”

என் அண்ணன் நாச்சிமுத்து சோமனூரில் தறி ஓட்டுகிறார். தறிச் சத்தத்தில் காது மந்தமாகிவிட்டது. தறிக்காரர்களுக்கு அது சகஜம். பெண் பார்க்க வந்தபோதே இவர்களிடம் சொன்னதுதான். பதினான்கு வருடம் கழித்து இப்போது எதற்குக் கேட்கிறார்? அதுவும் பாப்பா திரும்பிப் பார்ப்பதில்லை என்று சொன்ன கையோடு?

யாரோ இவரிடம் ஏதோ சொல்லியிருக்கிறார்கள்.

செப்டம்பர் 2, செவ்வாய்

ஒரு விஷயம் கவனித்தேன். பாடம் நடத்தும்போது பாப்பா புத்தகத்தைப் பார்ப்பதே இல்லை. என் முகத்தைத்தான் பார்க்கிறாள். கண்ணை எடுப்பதில்லை. நான் குனிந்தால் அவளும் குனிகிறாள்.

கேள்வி கேட்கும்போது விடை என் முகத்தில் தெரிந்துவிடுகிறதோ? சரியான விடைக்கு நெருங்கினால் நான் தலையை ஆட்டுகிறேனோ என்னவோ. அப்படியென்றால் அந்தப் பத்தொன்பது மார்க்கு யாருடையது?

செப்டம்பர் 4, வியாழன்

சோதித்துப் பார்த்தேன். அவளை மேசையில் உட்கார வைத்துவிட்டு நான் அடுப்படியில் நின்று ரசத்துக்குத் தாளித்தபடியே சொல்வதெழுதுதல் கொடுத்தேன். இருபது வார்த்தை. வந்து பார்த்தால் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

கிழக்கு என்றேன், விளக்கு என்று எழுதியிருக்கிறாள். சாலை என்றேன், மாலை. சங்கு, பங்கு. குதிரை மட்டும் குதிரை. அதற்குக் கீழே ஐந்து வார்த்தைக்கு வெறும் கோடு.

கேலி. ஒவ்வொரு வார்த்தைக்கும் எதுகை கண்டுபிடித்து எழுதி அம்மாவைக் கேலி செய்கிறாள். பத்து வயசில் இந்தப் புத்தி யார் கொடுத்தது?

“என்னது பாப்பா இது?”

“நீங்க சொன்னதுதானுங்மா எழுதுனேன்.”

எதிரில் உட்கார்ந்து அதே இருபது வார்த்தையை மறுபடி சொன்னேன். இருபதும் சரி. ஒரு எழுத்துப்பிழை இல்லை. ஆக, நான் பார்த்துக்கொண்டு இருந்தால் ஒழுங்கு, திரும்பிக்கொண்டால் விளையாட்டு.

செப்டம்பர் 9, செவ்வாய்

அவர் குளிக்கப் போயிருந்தார். போன் மேசைமேல் அடித்தது. திரையில் ‘எஸ்தர் டீச்சர்’.

நான் எடுக்கவில்லை. அது நின்றதும் பட்டியலைத் திறந்து பார்த்தேன். போன வாரம் இரண்டு தடவை பேசியிருக்கிறார். ஒன்று பதினோரு நிமிடம்.

குளித்துவிட்டு வந்தவரிடம், “யாரோ கூப்பிட்டாங்க” என்றேன். பார்த்தார். “பொங்கலூர் பண்ணைக்காரரு. தீவனம் வரலைன்னு கூப்பிட்டிருப்பாரு” என்றார். வேட்டியைக் கட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல்.

எந்த மிஸ் என் பிள்ளையை அவமானப்படுத்தினாரோ அவரிடம் இவருக்குப் பதினோரு நிமிடம் பேச என்ன இருக்கிறது? அந்த அம்மாவுக்கு என்னைவிட வயது குறைவு. கல்யாணம் ஆனவரா என்று தெரியவில்லை. இதையெல்லாம் நினைக்க வைக்கிறார்களே என்றுதான் ஆத்திரம்.

செப்டம்பர் 13, சனி

அப்பாவும் பொண்ணும் காலையில் வண்டியில் கிளம்பினார்கள். கோழிக்குஞ்சு பார்க்கவாம். மூன்று மணிக்குத்தான் வந்தார்கள்.

“எத்தனை குஞ்சு பாத்தே?”

“நெறையங்மா.”

“என்ன கலரு?”

அவள் அவரைப் பார்த்தாள். “மஞ்சளுங்மா.”

பதினான்கு வருடமாகக் கோழிப்பண்ணைக்குப் போய்வருகிறவரின் துணி துவைக்கிறேன். பண்ணைக்குப் போனால் செருப்பு வாசலிலேயே நாறும். இரண்டு பேர் செருப்பையும் எடுத்து மோந்து பார்த்தேன். மண் வாசம்கூட இல்லை. பாப்பாவின் சட்டைப்பையில் ஒரு மிட்டாய்க் காகிதம்.

பொய் சொல்லத் தெரியாத பிள்ளைக்குப் பொய் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

செப்டம்பர் 15, திங்கள்

இன்றிலிருந்து வேறு முறை. கேள்வி கேட்கும்போதும் சொல்வதெழுதுதலின்போதும் புத்தகத்தைத் தூக்கி என் மூக்குவரைக்கும் மறைத்துக்கொண்டேன். கண் மட்டும் வெளியே. என் முகத்தில் இனி ஒன்றும் படிக்க முடியாது.

இருபதுக்கு நான்கு.

“புஸ்தகத்தைக் கீழ வைங்கம்மா.”

“எதுக்கு?”

“சும்மாங்மா.”

“சும்மாவா? என் மூஞ்சியப் பாத்துக் காப்பியடிக்கலாம்னா?”

நோட்டின் ஓரத்தை நகத்தால் கீறிக்கொண்டே இருந்தாள்.

பிடித்துவிட்டேன். இவ்வளவு நாள் காப்பியடித்திருக்கிறாள்.

செப்டம்பர் 17, புதன்

மூன்றாவது நாளாகப் புத்தகம் வாய்க்கு முன்னால்தான். வயிறு வலிக்கிறது என்றாள். சூரணம் கொடுத்தேன். வலி இல்லை என்று எனக்குத் தெரியும். குடித்துவிட்டு உட்கார் என்றேன். உட்கார்ந்தாள். கையை நேராக வைத்துக்கொண்டு, பென்சிலைப் பிடித்துக்கொண்டு, எழுதாமல் உட்கார்ந்தாள்.

மாடியில் காயப்போட்ட மிளகாயை எடுக்க மறந்து தூறலில் நனைந்துவிட்டது.

செப்டம்பர் 18, வியாழன்

பத்துக்கு சைபர். நானும் மதியம் சாப்பிடவில்லை.

செப்டம்பர் 21, ஞாயிறு

அவர் முடிவெட்டப் போயிருந்த நேரத்தில் அவருடைய பையைத் திறந்தேன். தீவன பில் புத்தகத்துக்கு அடியில் ஒரு நீளக் கவர் இருந்தது. திருப்பூர் லேப் ஒன்றின் முகவரி. செப்டம்பர் 13 தேதி. உள்ளே ஒரு காகிதம், கட்டம் போட்டு, அதில் சிவப்பில் ஒரு கோடும் நீலத்தில் ஒரு கோடும் படி இறங்குகிற மாதிரி கீழே போகிறது. மேலே பாப்பாவின் பெயர்.

வேறு பெண் விவகாரம் இல்லை.

வேறு பெண் விவகாரமாக இருந்திருந்தால் தேவலை. சண்டை போட்டிருப்பேன்.

கவரை அதே இடத்தில், அதே பக்கம் பார்க்க வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 22, திங்கள்

பாடம் இல்லை. ஜன்னல் திரை எல்லாம் கழற்றித் துவைத்தேன். மின்விசிறி துடைத்தேன். அரிசி டப்பா, பருப்பு டப்பா எல்லாம் காலி செய்து வெயிலில் வைத்தேன். பாப்பா படம் வரைந்துகொண்டு இருந்தாள். புத்தகத்தை நான் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

செப்டம்பர் 24, புதன்

அந்த லேப்காரர்கள் தப்பாகப் பார்த்திருக்கலாம். மிஷின் பழுதாக இருந்திருக்கலாம். நானே பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

பாப்பா கூடத்தில் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து கலர் அடித்துக்கொண்டு இருந்தாள். தரையில் ஒவ்வொரு டைல்ஸும் இரண்டடி. அடுப்படி வாசலில் நின்று “பாப்பா” என்றேன், சாதாரணமாகப் பேசுகிற குரலில். பதினான்கடி. அசையவில்லை. பன்னிரண்டடி. பத்தடி. ஒவ்வொரு டைல்ஸாக முன்னால் போனேன். எட்டு. ஆறு.

நான்கடியில் திரும்பினாள். அதுகூட என் நிழல் அவள் தாளில் விழுந்ததால் இருக்கலாம்.

“கூப்பிட்டீங்களா அம்மா?” என்று சிரித்தாள்.

“இல்ல சாமி. சும்மா வந்தேன்.”

செப்டம்பர் 25, வியாழன்

மதியச் சாப்பாட்டுக்கு அவர் வீட்டுக்கு வந்தார். பாப்பா சாப்பிட்டுவிட்டு உள்ளே தூங்கிக்கொண்டு இருந்தாள். சோறு போட்டு, குழம்பு ஊற்றிவிட்டுக் கேட்டேன்.

“அந்தக் கவர எப்ப என்ற கிட்டக் காட்டலாம்னு இருந்தீங்க?”

பிசைந்த கையை அப்படியே வைத்துவிட்டார். “பாத்துட்டயா?”

“ஞாயித்துக்கெழமையே.”

“நாலு நாளாச் சொல்லவே இல்லையே நீயி.”

“நீங்க பன்னெண்டு நாளாச் சொல்லலை.”

பிறகு சொன்னார். டி.சி. வாங்கின வாரமே எஸ்தர் மிஸ் அவரைக் கூப்பிட்டுப் பேசினாராம். ‘புகார் கொடுத்ததப் பத்தி நான் ஒண்ணும் கேக்கலைங்க சார், பிள்ளையை மட்டும் ஒருக்கா காது டாக்டர்கிட்டக் காட்டிருங்க’ என்றாராம். எந்த இடத்தில் காட்டலாம் என்று விசாரித்துச் சொன்னதும் அந்த அம்மாதான்.

“எங்கிட்ட ஏன் மறைச்சீங்க? நான் என்ன, பிள்ளையக் கொன்னா போட்டுருவேன்?”

“மறைக்கோணும்னு நான் நெனைக்கலை கோகி. அன்னைக்குச் சாயங்காலமே சொல்லீரலாம்னுதான் இருந்தேன். வண்டியில வரும்போது பாப்பா அழுதுட்டா. அம்மாகிட்டச் சொல்லாதீங்கப்பான்னு.”

“ஏன்?”

அவர் சொல்லத் தயங்கினார். நான் விடவில்லை.

“அம்மாவுக்கு மாமாவக் கண்டாலே ஆகாது. நானும் மாமா மாதிரின்னு தெரிஞ்சா என்னையும் ஆகாமப் போயிரும்னா.”

நான் தட்டையே பார்த்துக்கொண்டு இருந்தேன். குழம்பு ஓரத்தில் ஆடை கட்ட ஆரம்பித்திருந்தது.

“மாமா மாதிரின்னு அவளுக்கு யாரு சொன்னா? மாமாவுக்குத் தறியில...”

“பொங்கலுக்கு வந்தப்ப உங்கண்ணனே கண்டுபிடிச்சுட்டாராமா. ‘நீயும் வாயத்தான் பாக்கறயா சாமி? நானும் அப்புடித்தான், சின்னப் பையன்ல இருந்தே’ன்னாராமா.”

சின்னப் பையனில் இருந்தே. இவருக்கும் தெரிந்துவிட்டது. பாப்பாவுக்கு ஜனவரியில் இருந்தே தெரியும். எட்டு மாதம் என் பொய்யைச் சேர்த்துத் தூக்கிக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்து பின்னம் படித்திருக்கிறாள்.

அவர் கையைக் கழுவிவிட்டு எழுந்து போகும்போது, “எனக்கு அதெல்லாம் ஒண்ணுமில்ல கோகி” என்றார். எதை என்று சொல்லவில்லை.

செப்டம்பர் 26, வெள்ளி

காலையில் அவள் எதிரில் உட்கார்ந்தேன். புத்தகத்தைத் தொடவில்லை.

“நான் புஸ்தகத்தால வாய மறைச்சுட்டது தப்பு, பாப்பா. அம்மாவுக்கு இப்பத் தெரியும். அப்பா சொல்லிட்டாரு.”

“பரவால்லீங்கம்மா” என்றாள் உடனே.

அவ்வளவு சீக்கிரமாகப் பரவாயில்லை என்று சொல்கிற பிள்ளையை நான் நம்பவில்லை. “கோவமா இருந்தாச் சொல்லு சாமி. அம்மா ஒண்ணும் சொல்லமாட்டேன்” என்றேன். பிறகு என் கையிலிருந்த வளையலை ஒன்று ஒன்றாக மேலே தள்ளிக்கொண்டே சொன்னாள்.

“காப்பியடிச்சேன்னு சொன்னீங்கல்ல. அதுக்கு மட்டுங்மா.”

அக்டோபர் 1, புதன். ஆயுத பூஜை

புத்தகம், நோட்டு, ஸ்கேல், அவருடைய பில் புத்தகம் எல்லாவற்றையும் அடுக்கிப் பொட்டு வைத்தாயிற்று. இந்த டைரியையும் வைக்கச் சொன்னார். வைக்கவில்லை. எழுத வேண்டியது பாக்கி இருக்கிறது.

எஸ்தர் மிஸ் எழுதின வரி இதுதான்: ‘சஷ்டிகாவுக்குக் காது சரியாகக் கேட்கிறதா என்று தயவுசெய்து ஒருமுறை பரிசோதித்துப் பார்க்கவும்.’ தயவுசெய்து என்று இருந்தது. பாப்பா வீட்டுக்கு வந்து, ‘மிஸ் சத்தமாப் பேசுனாங்க’ என்றுதான் சொன்னாள். கத்தினார் என்று புகாரில் எழுதியது நான்.

நாச்சிமுத்து அண்ணன் தறிக்குப் போனது பதினாறு வயதில். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்தே அண்ணனைத் தோளைத் தொட்டுத்தான் கூப்பிடுவோம். இரண்டாம் வகுப்பில், மண்டு, ஒன்றும் ஏறாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்பா மறுபடி கொண்டுபோய் விடவில்லை. நான் ஸ்கூல் பஸ்ஸில் போகும்போது அண்ணன் நூல் கண்டு தூக்கிக்கொண்டு எதிரில் வருவார். கை காட்டுவார். கூட இருந்த பிள்ளைகளுக்குத் தெரியக்கூடாது என்று நான் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வேன். எனக்கு வரன் பார்க்க ஆரம்பித்தபோது தறிச் சத்தத்துக் கதையை அப்பா சொன்னார். நானும் தலையாட்டினேன். வம்சத்திலேயே இருக்கிறது என்று தெரிந்தால் யார் எடுப்பார்கள்?

மூன்று வயதில் பாப்பா பேச ஆரம்பிக்கத் தாமதமானபோதே எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. அதற்குப் பிறகு ஏழு வருடமாக அந்தச் சந்தேகத்தை மற்றவர்கள் மேல் போட்டுக்கொண்டே வந்திருக்கிறேன்.

மதியம் நங்கையா வந்தார். பொரி, கடலை எடுத்து வைத்துவிட்டு, அவர் ஏதாவது ஆரம்பிப்பதற்கு முன்னால் நானே சொல்லிவிட்டேன். பாப்பா விஷயம், அண்ணன் விஷயம், இரண்டையும். அவர் பொரியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்.

“உங்கண்ணன் விசியம் எங்களுக்குத் தெரியுமே.”

“எப்பங்க?”

“பொண்ணு பாக்க வந்தன்னைக்கே. எங்கய்யன் உங்கண்ணனுக்குப் பின்னால நின்னு இன்னுங்கொஞ்சம் தண்ணி கேட்டாரு, அவரு திரும்பலை. தறிக்குப் போறவன் இப்புடி வாயைப் பாக்க மாட்டான், இது பொறந்ததுல இருந்தே இருக்குதுன்னு வண்டியிலயே சொன்னாரு. பொண்ணு படிச்சிருக்குது, அவங்களாச் சொல்றப்ப சொல்லட்டும்னுட்டாரு.” பொரியை வாயில் போட்டுக்கொண்டார். “நீ சொல்லவே இல்ல. அதான் அப்பப்ப நானே கேட்டுப் பாத்தேன்.”

நான் அவருக்குக் காபி போட எழுந்தேன். அடுப்படியில் சர்க்கரை டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன் போலிருக்கிறது. அவரே வந்து அடுப்பை அணைத்தார்.

அக்டோபர் 6, திங்கள்

டாக்டரிடம் மூவருமாகப் போனோம். இரண்டு காதிலும் குறை. முழுக்க இல்லை, பாதிக்கு மேல். மெல்லின, இடையின எழுத்துகள் ஓரளவு விழுமாம். க, ச, த மாதிரி எழுத்துகள் காற்றோடு போய்விடுமாம். குறை வளராமல் பார்த்துக்கொள்ளலாம், மிஷின் வைத்தால் நன்றாகப் பழகிக்கொள்வாள் என்றார். கிழக்கு, சாலை, சங்கு எல்லாம் எனக்கு வரிசையாக ஞாபகம் வந்தது. கேலி இல்லை. காதில் விழுந்ததை விழுந்தபடி எழுதியிருக்கிறாள்.

“வாயைப் பாத்துப் புரிஞ்சுக்கறதுல ரொம்பக் கெட்டிக்காரியா இருக்கறாளே, யாரு பழக்குனது?” என்று டாக்டர் கேட்டார்.

“எங்கண்ணனுக்கும் இப்புடித்தானுங்க டாக்டர். பிறவியில இருந்தே” என்றேன். வெளியாட்களிடம் இதைச் சொல்வது இதுதான் முதல் தடவை. டாக்டர் அதை ஒரு சாதாரண விஷயம் மாதிரி எழுதிக்கொண்டார்.

மிஷினுக்காகக் காதில் அச்சு எடுத்திருக்கிறார்கள். பத்து நாளில் தருவார்களாம்.

அக்டோபர் 10, வெள்ளி

பள்ளிக்கூடம் போனேன். எஸ்தர் மிஸ் ஐந்தாம் வகுப்பில் இல்லை. என் புகாருக்குப் பிறகு அவரைச் சின்னப் பிள்ளைகள் வகுப்புக்கு மாற்றிவிட்டார்களாம். அங்கே ஒரு குழந்தையின் மூக்கைத் துடைத்துவிட்டுக்கொண்டு இருந்தார். என்னைப் பார்த்ததும் சிரிக்கவில்லை. உட்காரவும் சொல்லவில்லை.

“காட்டிட்டோமுங்க மிஸ். நீங்க சொன்னது சரி” என்றேன்.

“பிள்ளை நல்லா இருக்கறாளா?”

“நல்லா இருக்கறாளுங்க.”

“நான் சத்தமாத்தாங்க பேசுனேன். பின்னாடி பெஞ்சில இருந்தா. அவளுக்குக் கேக்கோணும்னு சத்தமாப் பேசுனேன்.”

“தெரியுமுங்க.”

புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்வதாக வீட்டிலேயே ஒரு கடிதம் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். மேடத்திடம் கொடுப்பதற்கு முன்னால் அவரிடம் காட்டினேன். நின்றபடியே முழுக்கப் படித்தார். ஒரு இடத்தில் விரலை வைத்தார். ‘தவறான புரிதலால் புகார் அளித்துவிட்டேன்’ என்று எழுதியிருந்தேன்.

“தவறான புரிதல் இல்லீங்க. உங்களுக்கு அன்னைக்கே புரிஞ்சுது. டி.சி. வாங்க வந்தப்ப உங்க முகத்தப் பாத்தேனே.”

குழந்தைகள் ஏதோ பாட்டை ஆளுக்கொரு பக்கம் இழுத்துப் பாடிக்கொண்டு இருந்தார்கள். அங்கிருந்த குட்டி மேசையில் குனிந்து அந்த இரண்டு வார்த்தையை அடித்துவிட்டு மேலே எழுதினேன்: தெரிந்தே. பேனா அந்த இடத்தில் கொஞ்சம் கிழித்துவிட்டது. அவர் மறுபடி வாங்கிப் படித்தார்.

“இதக் கொடுத்துருங்க” என்றார்.

மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மேடம் வாங்கி வைத்துக்கொண்டு, எஸ்தர் மிஸ்ஸைப் பழைய வகுப்புக்கே அனுப்புவதாகச் சொன்னார். பாப்பாவுக்கு ஜூனில் ஆறாம் வகுப்பில் இடம் தருகிறோம், முன் பெஞ்சில் என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

அக்டோபர் 16, வியாழன்

மிஷின் வந்துவிட்டது. இரண்டு காதுக்கும். ஊதா நிறம் வேண்டும் என்று அவளே கேட்டு வாங்கினாள். வண்டியில் வரும்போது முதல் வேலையாகக் காதைப் பொத்திக்கொண்டாள். பஸ் ஹாரன்.

சாயங்காலம் தலை வலிக்கிறது என்று கழற்றிவிட்டாள். ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் என்று ஆரம்பித்துக் கூட்டச் சொல்லியிருக்கிறார்கள். பாடத்தையும் அதற்குத் தகுந்த மாதிரி சுருக்கிக்கொண்டேன்.

அக்டோபர் 22, புதன்

தீபாவளிக்கு அண்ணனும் அண்ணியும் வந்திருந்தார்கள். இந்த வீட்டில் அண்ணன் இரண்டு நாள் தங்கியது இதுதான் முதல் தடவை. இதற்கு முன்னால் நான் எந்த வருடமும் இருக்கச் சொன்னதில்லை. நேற்று அவரிடம் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். பஸ், ஜன்னல் என்று. அவர் என் வாயையே பார்த்துக்கொண்டு இருந்தவர், பாதியிலேயே கையமர்த்தி, “பலகாரம் நீ செஞ்சதா, கடையில வாங்குனதா?” என்றார். முறுக்கு நான் சுட்டது என்றேன். உப்புக் கம்மி என்றார்.

அக்டோபர் 28, செவ்வாய்

தசமம் ஆரம்பித்தேன். சொல்வதெழுதுதல் இருபதுக்குப் பதினேழு, நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னது. தப்பு மூன்றும் உண்மையான தப்பு. ‘ற’வுக்கு ‘ர’. எனக்கும் பள்ளிக்கூடத்தில் அதே தப்பு வரும்.

மதியம் அவர் வந்தார். பாப்பா கூடத்தில் வரைந்துகொண்டு இருந்தாள். நாங்கள் இரண்டு பேரும் அடுப்படியில் நின்று, இத்தனை வருடமும் பேசுகிற மாதிரியே குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டோம்.

“ஜூனுக்கு என்ன பண்ணலாம்?” என்றார் அவர்.

“வீட்டுலயே வெச்சுக்கலாமுங்க. இப்பத்தான நல்லாப் போகுது. அங்க போனா பசங்க காதுல இருக்கறதப் பாத்து ஏதாவது சொல்லுவாங்க. அவளுக்கும் போக இஷ்டமில்ல.”

“அவளே சொன்னாளா?”

“சொல்லலை. எனக்குத் தெரியாதா?”

கூடத்திலிருந்து பென்சில் சீவுகிற சத்தம் நின்றது.

“அம்மா” என்றாள் பாப்பா, எழுந்திருக்காமல், அங்கிருந்தே. “எனக்குக் கேக்குதுங்மா. நான் போறேன்.”